இலையும் தூளும் யார் கொடுத்தது?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றிய அரசு பெருமையோடு சொல்லிக்கொண்டவற்றில் ஒன்று, செயலி வழியாக வேலை செய்வோருக்கு முதன்முறையாகச் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘கிக் தொழிலாளி’க்கு ஒரு வரையறை இருப்பது உண்மைதான். வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்கிறது அந்த வரையறை. பந்தியில் இடமில்லை, திண்ணையில் இலை போடுகிறோம் என்று அழைத்த கதைதான்.

சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சிக்னலில் நிற்கும் இளைஞர் அந்த உறவுக்கு வெளியேதான் இருக்கிறார் என்று யார் விசாரித்து முடிவு செய்தது? செயலி நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தப் படிவத்தில் அப்படித்தான் எழுதிக்கொள்கின்றன. அவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயேச்சையாகத் தொழில் செய்பவர், எங்கள் ‘பார்ட்னர்’ என்கின்றன. ஒரு தரப்பின் வாதத்தை இன்னொரு தரப்பைக் கேட்காமலே சட்டம் தன் முன்னுரையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். ஒருவர் தொழிலாளி என்றால் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. வருங்கால வைப்புநிதிக்கு முதலாளி 12 சதவீதம் கட்டுகிறார். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு இஎஸ்ஐ. அதற்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். பணிக்கொடை, பேறுகால விடுப்பு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு, காரணமில்லாமல் நீக்கினால் தொழில் தீர்ப்பாயம் எல்லாம் இதற்கு மேல். ‘வெளியே’ இருப்பவருக்கு இவை எதுவும் உரிமையாக வராது. அரசு அறிவிக்கும் நலத்திட்டங்கள் வரும். அவற்றுக்காக நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்தத் தொகையும் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று மேல்வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பிஎஃபும் இஎஸ்ஐயும் மட்டுமே பதினைந்து சதவீதத்துக்கு மேல். மறுபக்கம் அதிகபட்சமே ஐந்து. நீதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2020-21-ல் இத்தகைய வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்தனர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்பது கணிப்பு. பெருக்கிப் பார்த்தால், ‘பார்ட்னர்’ என்ற அந்தச் சொல்லுக்கு நிறுவனங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்பது விளங்கும்.

செயலி புதிது. கேள்வி மிகப் பழையது. நம் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறது, பெரும்பாலும் நல்ல பதில்களையே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்புகளை யாரும் ரத்து செய்யவில்லை.

உப்பளத்தில் தொடங்கிய வழக்கு

கட்ச் சிறு ரண் பாலையின் ஓரத்தில் குடா என்ற இடத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளங்கள் இருந்தன. (டி.சி.டபிள்யூ என்ற பெயரில் ஆறுமுகனேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் ஆலை நடத்துவது இதே நிறுவனம்தான்.) மழை முடிந்ததும் அக்டோபரில் அகரியாக்கள் என்னும் உப்புத் தொழிலாளர்கள் வந்து சேருவார்கள். ஆளுக்கு ஓர் உப்பளத் துண்டு ஒதுக்கப்படும். தொடக்கச் செலவுக்கு 400 ரூபாய் தரப்படும். கிணறு வெட்டுவது, உப்புநீரைப் பாத்திக்குக் கொண்டுவருவது, உப்பை வாரிக் குவிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருகைப் பதிவேடு கிடையாது. வேலை நேரம் என்று எதுவும் கிடையாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கான கூலி அகரியாவின் பாடு. மணங்குக்கு இவ்வளவு என்று பணம் பட்டுவாடா. ஜூன் மாதம் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

1950-ல் வேலை நிபந்தனைகள் குறித்துத் தகராறு வந்தபோது நிறுவனம் சொன்ன பதிலில் இன்றைய செயலி நிறுவனத்தின் வக்கீல் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. தங்கள் நேரத்தில், தங்கள் விருப்பப்படி, தங்கள் ஆட்களை வைத்து வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள். 1956 இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நீதிபதி என்.எச்.பகவதி எழுதிய தீர்ப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்ப்பதையும், உப்புநீரின் அடர்த்தியைச் சோதிப்பதையும், தரமில்லாத உப்பைத் தள்ளிவிடுவதையும், தள்ளிய உப்பை அகரியா வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதையும் கவனித்தது. கட்டுப்பாடு என்பது தொழிலுக்குத் தொழில் வேறு உருவம் எடுக்கும். உப்பு விளைவிக்கிறவரின் தலைமாட்டில் மேஸ்திரி நிற்க வேண்டிய அவசியமில்லை. துணைக்கு ஆள் வைத்திருந்தாலும் தானும் இறங்கி உழைக்கிறவர் தொழிலாளியே.

நேர ஒழுங்கு இல்லாததும், வேலை அளவுக்குக் கூலி என்பதும், பருவ வேலை என்பதும் ஒருவரைச் சுயேச்சை வியாபாரியாக்கிவிடாது என்பது குடியரசாகி ஏழு ஆண்டுகள்கூட நிறையாத காலத்திலேயே முடிந்துபோன விஷயம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பீடிக்கு வருவோம். அங்கேதான் கதை சிக்கலாகிறது, நம் ஊருக்கும் வருகிறது.

பீடியில் கிடைத்த பாடம்

பீடித் தொழிலில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் பேசவில்லை. 1958-ல் சிந்தாமன் ராவ் வழக்கில், மத்தியப் பிரதேசத்தில் சட்டேதார்கள் எனப்படும் இடையாட்கள் பீடியைச் சுற்றவைத்துக் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்து, இவர்கள் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்தான் என்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் பிர்திசந்த் சர்மா வழக்கில், தொழிற்சாலைக்கு வந்து உட்கார்ந்து, நினைத்த நேரத்துக்குப் போய்வரும் பீடித் தொழிலாளியைத் தொழிலாளி என்றது. சிறிது காலத்திலேயே சங்கர் பாலாஜி வாஜே வழக்கில், ஏறக்குறைய அதே நிலையில் இருந்தவரை இல்லை என்றது. அந்த அமர்விலேயே நீதிபதி கே.சுப்பா ராவ் மாறுபட்டார். இப்படிப்பட்ட முடிவுகளை ஒரு பீடித் தொழிலாளியிடம் விளக்கிச் சொல்லும் பொறுப்பை எந்த வழக்கறிஞரும் விரும்பமாட்டார்.

திவான் மொகிதீன் சாகிப் வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனது, 1964-ல் தீர்ப்பானது. பீடி நிறுவனத்தார் இலையையும் தூளையும் இடையாட்களிடம் கொடுப்பார்கள். இடையாட்கள் தங்கள் இடத்தில் ஆட்களை உட்காரவைத்துச் சுற்றவைப்பார்கள். சிலர் இலையை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிவருவார்கள். சுற்றிய பீடி நிறுவனத்துக்கு வரும், லேபிள் ஒட்டப்படும், சந்தைக்குப் போகும். இடையாட்களோடு முறையான ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. சென்னைத் தொழில் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைத் தாண்டி இடையாட்களையே பார்த்தது. அவர்களிடம் முதலில்லை, சொந்த வியாபாரம் இல்லை, இலையும் தூளும் நின்றால் அவர்கள் தொழிலும் அன்றே நின்றுபோகும். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பாயத்தோடு உடன்படவில்லை, அமர்வு உடன்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வாஞ்சூ, இந்த ஒப்பந்ததாரர்கள் நிறுவனத்தின் கிளை மேலாளர்கள் போன்றவர்களே, பத்திரம் வெறும் போர்வை, பீடி சுற்றியவர்கள் நிறுவனத்தின் தொழிலாளர்களே என்று முடித்தார்.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. வழக்குக்கு வழக்கு விடை மாறுவதைக் கண்ட நாடாளுமன்றம், 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நீதிமன்றங்களைக் குழப்பிய அந்த ஆளையே, அதாவது முதலாளியோ ஒப்பந்ததாரரோ மூலப்பொருள் கொடுக்க அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீடியாக்குகிறவரையே, அந்தச் சட்டம் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. புதிதாக ஒரு மூன்றாம் வகையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு நலநிதி வைத்து, இனி நீ தொழிலாளியும் இல்லை, முதலாளியும் இல்லை என்று சொல்லவில்லை. நலநிதி பத்தாண்டு கழித்து 1976-ல் தனியாக வந்தது. அது உரிமைக்கு மேல் வந்த உபரி. பீடி முதலாளிகள் அரசமைப்புச் சட்டத்தைக் காட்டி எதிர்த்துப் பார்த்தார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

பிஎஃப் விஷயத்தில் மறுபடியும் ஒரு முறை மல்லுக்கட்டினார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணை நாங்கள் எப்படிக் கண்காணிக்க முடியும், கண்காணிக்காதவருக்கு எப்படி முதலாளி ஆவோம் என்பது வாதம். பி.எம்.படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இன்றைய செயலிக்கு என்றே எழுதிவைத்ததுபோல இருக்கிறது. சுற்றிவந்த பீடியைப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதல்லவா, கட்டுப்பாட்டுக்கு அது போதும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குப் பிஎஃப் கணக்கு இருப்பது இந்த வழியாகத்தான். ஆலை வாசலை மிதிக்காதவர்கள் அவர்கள். நேரம் அவர்களுடையது. சோறு வடித்துவிட்டுச் சுற்றலாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவந்து சுற்றலாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர்கள்.

பீடித் தொழிலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இலையை ‘விற்று’ பீடியை ‘வாங்குவதாக’க் கணக்கெழுதும் குறுக்குவழியை அங்கேயும் கண்டுபிடித்தார்கள். கழிவு என்ற பெயரில் நல்ல பீடியையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பற்றிய புகார் ஓயவே இல்லை. சட்டம் தானாக எழுந்து நடந்துவிடாது. ஆனால் ஏமாற்றப்பட்டவர் எந்த வாசலில் போய் நிற்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. அந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் புதிய தொகுப்புகளில் ஒன்றுக்குள் கரைத்துவிட்டார்கள் என்பது தனிச் சோகம்.

தையல்கடையும் கயிற்று ஆலையும்

1973-ல் சில்வர் ஜூப்ளி தையலகம் வழக்கு. தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி. சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். வேறு கடைக்கும் தைத்துக் கொடுக்கலாம். நீதிபதி கே.கே.மேத்யூ, கட்டுப்பாடு என்ற ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை என்றார். தையல் எந்திரம் யாருடையது, சரியில்லாத தையலைப் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை யாரிடம் என்று பார்த்தார். ஒருவர் இரண்டு முதலாளிகளுக்கு வேலை செய்யலாம், அதனால் எவருக்கும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது என்பதும் அதில் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறந்துவைத்திருக்கிறார், அப்புறம் எப்படி எங்கள் ஊழியர் என்று கேட்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒரு முறை படிக்கலாம்.

1978-ல் கோழிக்கோட்டிலிருந்து ஒரு கயிற்று ஆலை வழக்கு வந்தது. ஆலைக்குள்ளேயே வேலை, ஆலைக்குத்தான் கயிறு, ஆனால் 29 தொழிலாளர்களும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று சொல்லி வேலை மறுக்கப்பட்டார்கள். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் மூன்று பக்கத்துக்குள் முடித்துவிட்டார் என்று சொல்லும் அளவுக்குச் சுருக்கமான தீர்ப்பு அது. யாருடைய தொழிலுக்காக உழைப்பு போகிறதோ, யார் கையை எடுத்தால் தொழிலாளியின் அடுப்பு அணைந்துபோகுமோ, அவரே முதலாளி. நடுவில் எத்தனை திரை தொங்கினாலும் விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. தமிழ்நாட்டில் தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் உசேன்பாய் என்று வழக்கின் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 2001-ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கிலிருந்து காற்று திசைமாறியது. 2004-ல் நம் மேட்டுப்பாளையம் வந்தது. நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் முற்றங்களில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கியவர்களும் தரம் பிரித்தவர்களும் தாங்கள் சங்கத்தின் தொழிலாளர்கள் என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. சிறு விவசாயிகளின் சங்கம், மூன்றாம் தரப்பு வழியாக நடந்த வேலை என்ற பின்னணியில் அந்த முடிவை ஒருவர் நியாயப்படுத்தலாம். எனக்குப் பிரச்சினை வேறு. நியமித்தது யார், கூலி கொடுப்பது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று பல அளவுகோல்களை அடுக்கிய தீர்ப்பு, இவற்றையெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கேட்பவரின் தலையில் என்றும் சொன்னது. நியமனக் கடிதம் தராமல் வேலை வாங்கியவர் பக்கம் எதுவும் கேட்கவில்லை. கடிதம் கிடைக்காதவரிடம் கடிதம் எங்கே என்று கேட்டது சட்டம்.

தொழிலாளி இல்லை என்பதே ஒருவருக்கு நன்மையாக முடிந்த வழக்கும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். குஜராத்தில் கண் மருத்துவமனை ஒன்றின் வண்டி விபத்தில் இறந்துபோன மருத்துவர் ஒருவர், அந்த மருத்துவமனையின் ஊழியர் என்று வாதிட்டது காப்பீட்டு நிறுவனம். ஊழியர் என்றால் அது தர வேண்டிய தொகை குறைவு. 2020-ல் நீதிபதி ரோகிண்டன் நாரிமன் அவரைச் சுயேச்சையாகச் சேவை வழங்கியவர் என்று முடிவு செய்ய, குடும்பத்துக்கு முழுத் தொகை கிடைத்தது. விடை எப்போதும் ஒரே பக்கம் சாயும் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கமும்.

செயலியில் இலையும் தூளும்

இந்த அளவுகோல்களை டெலிவரி வேலையின் மேல் வைத்துப் பார்க்கலாம். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, செல்போன் அவருடையது. சில்வர் ஜூப்ளி வழக்கில் தையல் எந்திரம் கடைக்காரருடையது என்பதால் இது நிறுவனங்களுக்குச் சாதகமான புள்ளிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பீடி சுற்றும் பெண்ணின் கத்தரிக்கோலும் சுளகும் அவருடையவைதான். பார்க்க வேண்டியது இலையும் தூளும் யாருடையவை என்று. இந்தத் தொழிலில் அவற்றின் இடத்தில் இருப்பது ஆர்டர். ஓட்டலோடு பேரம் பேசியது நிறுவனம். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அதனிடம். எந்த ஆர்டர் யாருக்கு என்பதைச் செயலி தீர்மானிக்கிறது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதும், இன்சென்டிவுக்கு எத்தனை ஆர்டர் என்பதும் அதன் கையில். நேற்றிருந்த கணக்கு இன்று காலை மாறியிருக்கும், யாரையும் கேட்டு மாற்றுவதில்லை. தனக்கு வாடிக்கையாளராகும்படி ஒரு வீட்டுக்காரரிடம் அவர் விசிட்டிங் கார்டு நீட்டிவிட முடியாது. சுயமாகத் தொழில் செய்கிறவர் என்றால் விலை சொல்லத் தெரிய வேண்டும். இவர் விலையைத் தெரிந்துகொள்வதே திரையில்தான்.

கழித்துத் தள்ளும் உரிமைக்கு இன்றைய பெயர் ரேட்டிங். உப்பளத்தில் பருவத்துக்குச் சில முறை வந்து பார்த்தார்கள். பீடிக்கடையில் நாளுக்கு ஒரு முறை பார்த்தார்கள். செயலி நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறது: எங்கே நிற்கிறார், எந்தத் தெருவில் திரும்பினார், எத்தனை ஆர்டரை மறுத்தார் எல்லாம். அதற்குப் பிடிக்காவிட்டால் ‘ஐடி பிளாக்’. வேலைநீக்கக் கடிதம் இல்லை, விசாரணை இல்லை, காலையில் லாகின் ஆகாது, அவ்வளவுதான். மேலதிகாரி இல்லாத வேலை என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த வேலையில் இருக்கும் அளவு மேற்பார்வை எந்த ஆலைத் தொழிலாளியின் மேலும் இருந்ததில்லை என்பேன்.

2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உபர் ஓட்டுநர்கள் வழக்கில் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போனது. கட்டணத்தை நிறுவனம் நிர்ணயிக்கிறது, நிபந்தனையை நிறுவனம் எழுதுகிறது, மறுத்தால் தண்டிக்கிறது, ரேட்டிங்கால் விரட்டுகிறது, பயணியோடு தனியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளவிடாமல் பார்த்துக்கொள்கிறது. எனவே செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் உண்டு. ஒப்பந்தத் தாளிலிருந்து விசாரணையைத் தொடங்கக் கூடாது, சட்டம் யாரைக் காக்க வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2023-ல் டெலிவரூ வழக்கில் மறுபக்கம் சாய்ந்தது. தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்த உரிமை, நிஜமாகவே செல்லுபடியாகும் உரிமை என்று அது கருதியது. அன்று நம் அகரியா துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதை நம் நீதிமன்றம் பார்த்த விதம் வேறு. வெளிநாட்டுத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும் என்றில்லை.

கலிபோர்னியா இன்னும் கூர்மையான பாடம். அங்கே 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் பொறுப்பைத் திருப்பிப் போட்டது. உழைப்பவர் ஊழியர் என்றே முதலில் கொள். இல்லை என்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்கட்டும்: அவர் நம் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்வது நம் வழக்கமான தொழில் அல்ல, அவருக்கென்று தனித் தொழில் இருக்கிறது. 2020-ல் அது சட்டமாகவும் வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து, பொது வாக்கெடுப்பில் தங்கள் ஓட்டுநர்களுக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டன. 2024-ல் அந்த விலக்கை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. வாக்காளர்களை இவ்வளவு விலை கொடுத்து வளைக்க வேண்டியிருந்தது அங்கே. இங்கே வரையறையிலேயே இலவசமாகக் கொடுத்துவிட்டோம்.

சுமை யார் தலையில்?

நெகிழ்வுத்தன்மை போய்விடும் என்பது எதிர்வாதம். கல்லூரி முடிந்து மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டும் மாணவர், பகலில் ஒரு வேலையும் இரவில் இதுவும் பார்ப்பவர் எல்லாம் எட்டு மணி நேர ஷிப்டுக்குள் அடைபட விரும்ப மாட்டார்கள் என்கிறார்கள். விரும்ப மாட்டார்கள்தான். ஆனால் தொழிலாளியாக இருக்க ஷிப்டு வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அகரியாவுக்கு ஷிப்டு இல்லை, பீடிக்காரம்மாவுக்கும் இல்லை. நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் வசதிக்கு விலையாகப் பிஎஃபையும் விபத்து இழப்பீட்டையும் கொடுத்தாக வேண்டும் என்ற பேரத்தை நம் பழைய தீர்ப்புகள் ஒப்புக்கொண்டதே இல்லை.

செலவு கூடும் என்ற வாதம் அதைவிட வலுவானது. கூடும். சிலருக்கு வேலையும் போகலாம். ஸ்பெயின் 2021-ல் டெலிவரித் தொழிலாளர்களை ஊழியர்களாகக் கொள்ளும் சட்டம் கொண்டுவந்தபோது டெலிவரூ அந்த ஆண்டே நாட்டைவிட்டு வெளியேறியது. அங்கேயே தங்கி, அபராதமும் வழக்குமாக இழுத்தடித்த குளோவோ, 2024 டிசம்பரில் தொழிலாளர்களை ஊழியர்களாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. நாளை எந்தச் சட்டம் வந்தாலும் இங்கேயும் இரண்டு வகையும் நடக்கும். பத்து ரூபாய் டெலிவரி கட்டணத்தின் பின்னால் யாரோ ஒருவருடைய மருத்துவச் செலவு ஒளிந்திருக்கிறது என்றால் அந்த விலை உண்மையான விலை இல்லை என்பது என் கட்சி.

செயலியில் இருக்கும் எல்லோரும் தொழிலாளி என்றும் நான் சொல்ல மாட்டேன். கமிஷன் எடுக்காமல் சந்தா மட்டும் வாங்கிக்கொண்டு, சவாரிக் காசு நேராக ஓட்டுநர் கைக்கே போகும் ஆட்டோ செயலிகள் இருக்கின்றன. தன் விலையைத் தானே சொல்லி, தனக்கென்று வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிளம்பருக்குச் செயலி ஒரு விளம்பரப் பலகை மட்டுமே. இவர்களைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அளவுகோல் வேண்டும் என்கிறேன்.

‘வழக்கமான உறவுக்கு வெளியே’ என்ற வரையறையைக் கவனமாகப் படித்தால் ஒரு கதவு தெரியும். ஒருவர் உண்மையில் அந்த உறவுக்கு உள்ளே இருந்தால் அவர் கிக் தொழிலாளியே ஆக மாட்டார். மற்றத் தொகுப்புகளின் கீழ் முழு உரிமையுள்ள தொழிலாளி. ஆக, தொகுப்பு வந்த பிறகும் முதல் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் 2024-ல் தனி நீதிபதி ஒருவர், பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் நோக்கில் ஓலா ஓட்டுநரை ஊழியராகக் கொண்டார். அமர்வு அதை நிறுத்திவைத்தது. இப்படி ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு நீதிமன்றமாக இழுபடும். ஐடி பிளாக் ஆனவர் மேட்டுப்பாளையத்துத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு, தன் மேல் இருந்த கட்டுப்பாட்டைத் தானே நிரூபிக்க வேண்டும். எந்த விதிப்படி ஆர்டர் பிரிக்கப்பட்டது, ஏன் தன் ரேட்டிங் குறைந்தது என்ற தகவல் முழுக்க நிறுவனத்தின் கணினிக்குள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே என்று நம் சாட்சியச் சட்டத்திலேயே ஒரு பழைய விதி இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பிறப்பித்த உத்தரவு இதைத்தான் செய்கிறது: கட்டுப்பாட்டுக்கான அடையாளங்கள் தென்பட்டால் ஊழியர் என்றே அனுமானம், மறுக்கும் நிறுவனம் நிரூபித்துக்கொள்ளட்டும். உறுப்பு நாடுகளுக்கு 2026 டிசம்பர் வரை அவகாசம்.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஒன்றியச் சட்டத்தோடு உரசினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்ற தடையும் உண்டு. ஆனால் தமிழ்நாடு இந்த வழியில் நடந்த மாநிலம். 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே சட்டம் போட்டது. தற்காலிகம், பதிலி என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் நாளை எண்ணு என்று சொன்ன அந்தச் சட்டம் நேரான அளவுகோலுக்கு உதாரணம். அதே மாநிலம் 2023-ல் கிக் தொழிலாளர்களுக்குத் தந்தது ஒரு நலவாரியம். உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இயங்கும் மற்ற வாரியங்களைப் போல இன்னொன்று. வாரியம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? விபத்து உதவித்தொகை கைக்கு வந்த குடும்பத்திடம் போய்ச் சட்டம் பேச எனக்கும் மனம் வராது. ஆனாலும் வாரிய அட்டை வைத்திருப்பவரின் ஐடி பிளாக் ஆகும்போது அந்த அட்டையால் எதுவும் செய்ய முடியாது. ராஜஸ்தான் 2023-ல் தனிச் சட்டமே இயற்றியது. கர்நாடகம் 2025-ல் இயற்றிய சட்டம், தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனத்திடம் வசூலிக்கிறது. விலக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும் என்கிறது. ஊழியரா இல்லையா என்ற கேள்வியைத் தொடாமலே அதுவாவது செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கான சட்டத்தில் அந்த 14 நாள் இருக்கட்டும். கூடவே ஒரு பிரிவு வேண்டும். கூலியை நிர்ணயிப்பதும், வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், வேலையிலிருந்து விலக்குவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், அங்கே உழைப்பவர் அந்த நிறுவனத்தின் தொழிலாளி என்றே கொள்ளப்படும். அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதற்கான செயலிப் பதிவுகளைத் தொழிலாளர் உதவி ஆணையர் முன் வைக்க வேண்டியதும் அதன் வேலை. வரைவு எழுதுவதற்குப் புதிய வல்லுநர் குழு எதுவும் தேவைப்படாது. திவான் மொகிதீன் சாகிப் வழக்கில் சென்னைத் தொழில் தீர்ப்பாயம் எழுதிய தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.